சேதாரம்

நகரத்பேட்டைச் சந்தில் மழை விட்டு
ஹாரன்கள் மறுபடி தொடங்கிய நேரம்
அரிசிச் சாக்கில் எட்டுப் பிஸ்டன்களோடு
நாகலிங்க ஆச்சாரியின் கடைப்படி ஏறினேன்.
"எத்தனை பவுன்மா?" என்றார்.

போன மாதம் என் நான்கு வளையல்களை
இதே தராசில்தான் வைத்தார்.
எதற்கென்று அப்போது கேட்கவில்லை.
இப்போது சாக்கை அவிழ்த்ததும்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
அவ்வளவுதான்.

ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு.
தொண்ணூற்று மூன்று.
மறுபடி நான்கு. ஐந்து. மூன்று. நான்கு. நான்கு.
எட்டாவது மட்டும் வேறு பெட்டியில் வந்தது.
அதன் இடத்தில் வந்திருக்க வேண்டியது
விமான நிலையத்தில் யார் கையிலோ நழுவி
விளிம்பு உடைந்து போயிற்று.
தராசு சொன்னது: தொண்ணூறு.

நான்கு கிராம்தானே என்பான் ரூபன்.
நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றில்
அந்த நான்கு கிராம் என்ன ஆகும் என்று
கணக்குப் போட்டு அனுப்பியிருந்தேன்.
கட்டைவிரல் ஒன்றைப் பதிலாக அனுப்பினான்.

ரிச்மண்ட் டவுனில் ஒரு பங்களாவின் பின்னால்
தார்ப்பாய்க்கடியில் கிடந்தது வண்டி.
எழுபதாம் வருடத்து டாட்ஜ்.
ஏர் கிளீனருக்குள் எலி குட்டி போட்டிருந்தது.
பாதிப் பணம் அவன், பாதி நான்;
எந்தப் பாதி யாருடையது என்று எழுதிக்கொள்ளவில்லை.

அதனால்தான் ஜே.சி. ரோட்டில்
என்னைக் கேட்காமல் ரேஸ் கேம் வாங்கி வந்தான்.
அழகுதான். ஒவ்வொரு மேடும் கோபுரம் மாதிரி.
ஆனால் ஹெட் பழசு, வால்வு சின்னது,
ஸ்பிரிங் அந்த உயரம் கண்டதில்லை.
"தனித்தனியா எல்லாரும் மாப்பிள்ளைதான் ரூபன்,
ஒரே பந்தியில உட்கார வைக்க முடியாது."
"ஜாதகம் பாக்கற மாதிரி பாக்கறே" என்று சிரித்தான்.
ஜாதகத்தில் பொய் எழுதலாம்.
ஃபீலர் கேஜிடம் முடியாது.

விடியற்காலை நான்கு மணி தேவனஹள்ளி ரோடு
அவன் கண்ணில்.
என் கண்ணில் சில்க் போர்டு,
மாலை ஆறே முக்கால்,
முன்னால் தண்ணீர் லாரி, பின்னால் பி.எம்.டி.சி.
ஆயிரத்து இருநூறுக்குக் கீழே இறங்கினால்
இருமிச் சாகிற என்ஜினை வைத்துக்கொண்டு
அங்கே யாரை முந்துவது?
ஓடுவது எந்த என்ஜினுக்கும் வரும்.
நிற்கத் தெரிய வேண்டும்.

மூன்று நாள் பேச்சில்லை.
நான்காம் நாள் கேமைத் துணியில் சுற்றி
அவனே திருப்பிக்கொண்டு போனான்.
கடைக்காரர் பணம் தரவில்லை, மாற்றிக் கொடுத்தார்:
மேடு தணிந்த ஒன்று, கூடவே பதினாறு புது டாப்பெட்.
(பழைய டாப்பெட் பழைய கேமின் மேட்டில் தேய்ந்தது.
வேறு மேட்டில் ஏற்றினால்
இரண்டும் ஒன்றையொன்று தின்னும்.)

ஆச்சாரி அரம் ஒன்றை எடுத்துத் தந்தார்.
இளைத்ததற்கு ஊட்ட வழியில்லை,
மற்றவைதான் இறங்கி வர வேண்டும்.
பின் கோக்கும் காதுக்கு அடியில்,
வலு குறையாத இடமாகப் பார்த்து
நான்கு இழுப்பு, தராசு. இரண்டு இழுப்பு, தராசு.
ஊதித் தள்ளப் போனேன்,
"ஊதாதே" என்று கையைப் பிடித்தார்.

கடை சாத்தும்போது ஏழும் தொண்ணூறு.
ஒன்று மட்டும் எண்பத்தொன்பதரைக்கும் தொண்ணூறுக்கும் நடுவே
முள்ளாக ஆடியது.
அதை மூன்றாம் சிலிண்டருக்கு என்று குறித்துக்கொண்டேன்,
காரணம் ஒன்றுமில்லை.

பலகையில் சிந்திய அலுமினியத் தூளை
முயல்வால் தூரிகையால் கூட்டி,
தங்கம் மடிக்கும் ரோஸ் காகிதத்தில் மடித்து,
பழக்கத்தில் அதையும் நிறுத்தார்.
"இருபத்தாறே கால்.
முக்கால் கிராம் சேதாரம்."

செய்கூலி கேட்டேன்.
"நிக்கறதுக்குப் பழகின அப்புறம்
ஒருநாள் இந்தச் சந்துக்கு ஓட்டிட்டு வா" என்றார்.
இந்தச் சந்தில் ஆட்டோவே திரும்பாது.

பொட்டலம் இன்னும் கைப்பையில் இருக்கிறது.
வளையல் போட்ட பக்கம் தோள் கொஞ்சம்
இலேசாக இருக்கிறது என்று நினைத்தேன்.
நிறுத்துப் பார்க்கவில்லை.